டிசம்பர் கடைசியில் அப்பா அம்மாவோடு பாஸ்டன்: போகலாமா, வேண்டாமா?

வேப்பம்பூ | நவம்பர் 11

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். அப்பாவும் அம்மாவும் அக்டோபரில் சென்னையிலிருந்து வந்தார்கள், பிப்ரவரியில் திரும்புகிறார்கள். எனக்கும் என் கணவருக்கும் சேர்ந்தாற்போல் விடுப்பு கிடைப்பது கிறிஸ்துமஸுக்கு அடுத்த வாரம் மட்டும்தான், பிள்ளைகளுக்கும் அப்போதுதான் பள்ளி விடுமுறை. அதனால் எங்கே போவதானாலும் டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரைதான்.

மகளுக்கு 12 வயது. அமெரிக்கப் புரட்சியைப் பள்ளியில் இப்போதுதான் படித்து முடித்திருக்கிறாள், பாஸ்டன் பாஸ்டன் என்று ஒரே நச்சரிப்பு. மகனுக்கு 6, அவனுக்குப் பனியைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அப்பாவுக்கு 71 ஆகிறது. திருவல்லிக்கேணிக்காரர், தினமும் காலையில் மெரினாவில் நடந்து பழகியவர்தான், ஆனால் இரண்டு வருடமாக முழங்கால் மூட்டு வலி. மெதுவாக ஒரு கிலோமீட்டர் நடப்பார், அப்புறம் பத்து நிமிடமாவது உட்கார்ந்தாக வேண்டும். அம்மாவுக்கு 66, நடையில் குறை இல்லை, ஆனால் குளிர்காற்று பட்டால் இழுப்பு வரும், இன்ஹேலர் வைத்திருக்கிறார். இரண்டு பேரும் சுத்த சைவம்.

என் கணவர் இந்தக் குளிரில் பாஸ்டன் வேண்டாம், பழைய ஊர்தானே பார்க்க வேண்டும், ஃப்ளோரிடாவில் செயின்ட் அகஸ்டின் போவோம் என்கிறார். எனக்கு மனம் பாஸ்டன் பக்கம். ஆனால் பெற்றோரைக் கூட்டிப்போய் ஹோட்டல் அறைக்குள் அடைத்து வைத்துத் திரும்பிய கதையாகிவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. குளிர்காலத்தில் பெரியவர்களோடு போய் வந்தவர்கள், அங்கேயே இருப்பவர்கள் சொல்லுங்கள். கார் எடுக்கலாமா? பழைய இடங்களையெல்லாம் இணைத்துத் தரையில் போட்டிருக்கும் அந்தச் சிவப்புக் கோட்டு வழி நடையை அப்பாவால் முடிக்க முடியுமா?

—

சார்ல்ஸ்நதி | நவம்பர் 11

நான் பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜ் பக்கம் 11 வருடமாக இருக்கிறேன், என் பெற்றோர் இரண்டு முறை குளிர்காலத்தில்தான் வந்தார்கள். போகலாம். ஆனால் வெயில்காலத்தில் வருபவர்கள் போடும் திட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

முதலில் குளிர். டிசம்பர் கடைசியில் பகலில் சராசரியாக 4, 5 டிகிரி செல்சியஸ் இருக்கும், இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். இந்த எண் பெரிய விஷயமில்லை. துறைமுகத்திலிருந்து வரும் காற்றுதான் ஆளை வாட்டும், அதற்கு அடுத்தது நனைந்த கால். ஆகவே மூன்று அடுக்கு: உள்ளே தெர்மல், நடுவில் ஃபிளீஸ், வெளியே காற்று புகாத கோட். எல்லாவற்றையும்விட முக்கியம் தண்ணீர் புகாத, அடிப்பாகத்தில் நல்ல பிடிப்புள்ள பூட்ஸும் கம்பளி சாக்ஸும். கோட்டை யாரிடமாவது கடன் வாங்கலாம், பூட்ஸை மட்டும் அவரவர் காலுக்கு வாங்கி இரண்டு வாரம் வீட்டுக்குள்ளேயே போட்டு நடக்கச் சொல்லுங்கள். அம்மா மூக்கையும் வாயையும் மூடி ஸ்கார்ஃப் கட்டிக்கொள்ளட்டும், இன்ஹேலர் கைப்பையில் வேண்டாம், கோட்டுக்கு உள்பையில் உடம்பு சூட்டோடு இருக்கட்டும். குளிர்ந்துபோனால் அது சரியாகப் பீய்ச்சாது. கிளம்பும் முன் மருத்துவரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.

அடுத்தது வெளிச்சம். மாலை நாலேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். பல இடங்களைக் குளிர்காலத்தில் சீக்கிரம் மூடிவிடுகிறார்கள். ஒன்பதரைக்கு வெளியே இறங்கி மூன்றரைக்குள் நடையை முடித்துவிட வேண்டும். உங்கள் நாள் அவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள்.

கார் வேண்டவே வேண்டாம். நகரத்துக்குள் நிறுத்த இடம் கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை கையைக் கடிக்கும், பனிப்பொழிவு அவசரநிலை அறிவித்துவிட்டால் முக்கியச் சாலைகளில் நிற்கும் வண்டியை இழுத்துப்போய்விடுவார்கள். லோகன் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர சில்வர் லைன் பேருந்துக்குக் கட்டணமே கிடையாது, சவுத் ஸ்டேஷன்வரை வரும். சுரங்க ரயிலுக்குப் பெரியவர்களுக்கு 2.40 டாலர், 11 வயதுவரை பிள்ளைகளுக்குப் பெரியவரோடு வந்தால் இலவசம். மகளுக்கு மட்டும் டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும்.

இனி அந்தச் சிவப்புக் கோடு. ஃப்ரீடம் டிரெயில் மொத்தம் இரண்டரை மைல், அதாவது நாலு கிலோமீட்டர், 16 இடங்கள். பாஸ்டன் காமன் பூங்காவில் தொடங்கி ஆற்றுக்கு அந்தப் பக்கம் சார்ல்ஸ்டவுனில் பங்கர் ஹில் போர் நினைவுத் தூணில் முடியும். ஒரே நாளில் முடித்தால்தான் பார்த்ததாகக் கணக்கு என்று யாரும் சொல்லவில்லை. மூன்று நாளாகப் பிரித்துவிடுங்கள்.

முதல் நாள் பார்க் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் இறங்குங்கள். 1897இல் அமெரிக்காவிலேயே முதன்முதலில் திறந்த சுரங்க ரயில் பாதை அதுதான், மகனுக்குச் சொல்லுங்கள். மேலே ஏறினால் காமன், 1634இலிருந்து பொது இடமாக இருக்கிறது. அங்கிருந்து கிரனரி இடுகாடு (புரட்சியின் நாயகர்கள் சாமுவேல் ஆடம்ஸ், ஜான் ஹான்காக், பால் ரிவியர் மூவரும் அங்கே இருக்கிறார்கள்), கிங்ஸ் சேப்பல், ஓல்ட் சவுத் மீட்டிங் ஹவுஸ், ஓல்ட் ஸ்டேட் ஹவுஸ். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். ஓல்ட் சவுத்தில் உட்கார மர இருக்கைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன, அப்பா அரை மணி நேரம் உட்காரட்டும். 1773 டிசம்பர் 16 அன்று சுமார் ஐயாயிரம் பேர் கூடி விவாதித்துவிட்டு, பிரிட்டிஷ் வரியை எதிர்த்துத் தேயிலையைக் கடலில் கொட்டப் போனது அந்தக் கூடத்திலிருந்துதான். அதுவும் ஒரு குளிர்கால ராத்திரி. அந்தத் தேயிலை யாருடையது? நம் ஊரில் ஜார்ஜ் கோட்டையைக் கட்டிய அதே கிழக்கிந்தியக் கம்பெனியினுடையது. என் அப்பா அங்கே உட்கார்ந்திருந்தபோது இதைச் சொன்னேன், அப்புறம் எழுந்திருக்க மனமில்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். ஓல்ட் சவுத்துக்கும் ஓல்ட் ஸ்டேட் ஹவுஸுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்தான். ஓல்ட் ஸ்டேட் ஹவுஸின் அடித்தளத்திலேயே ஸ்டேட் ரயில் நிலையத்துக்கு வாசல் இருக்கிறது, முடித்த கையோடு அப்படியே ரயில் ஏறிவிடலாம்.

இரண்டாம் நாள் நார்த் எண்ட். ஹேமார்க்கெட் ஸ்டேஷனில் இறங்கி பால் ரிவியர் வீடு, ஓல்ட் நார்த் தேவாலயம். மூன்றாம் நாள் சார்ல்ஸ்டவுனில் நிற்கும் பழைய போர்க்கப்பல். நடுவில் ஒரு நாளை முழுக்க உள்ளரங்கத்துக்கு விட்டுவிடுங்கள். சயின்ஸ் மியூசியத்தில் செயற்கை மின்னல் காட்டுவார்கள், மகன் நகரவே மாட்டான். கோப்ளி சதுக்கத்துப் பொது நூலகம் இலவசம், 1895இல் திறந்த கட்டடம், அதன் பேட்ஸ் ஹாலில் பச்சை விளக்குகளுக்குக் கீழே பெரியவர்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அமைதியாக உட்காரலாம். எனக்கு இந்த ஊரிலேயே பிடித்த இடம் அது. மேப்பேரியம் என்று கண்ணாடியாலேயே கட்டிய மூன்று மாடி உயர உலக உருண்டை ஒன்று இருக்கிறது, அதற்குள்ளேயே நடந்து போகலாம். 1935ஆம் ஆண்டு உலகப் படம் அது. இந்தியா இன்னும் பிரிட்டிஷ் இந்தியாவாக, இலங்கை சிலோனாக இருக்கும். ஒரு முனையில் நின்று ரகசியமாகப் பேசினால் மறுமுனையில் நிற்பவருக்குக் கேட்கும், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

—

கடல்நாரை | நவம்பர் 12

நான் மாற்றிச் சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இழுப்பு இருப்பவரைக் குளிர்காற்றுக்குக் கூட்டிப்போவதை நான் செய்ய மாட்டேன். உடை சரியாக இருந்தாலும் உள்ளேயிருந்து வெளியே, வெளியேயிருந்து உள்ளே என்று ஒரு நாளில் பத்து முறை மாறும்போதுதான் மூச்சு பிடிக்கும். என் அம்மாவுக்கு நான் வசிக்கும் மினசோட்டாவில் அதைத்தான் பார்த்தேன், குளிரில் நடந்தபோது ஒன்றும் ஆகவில்லை, சூடான கடைக்குள் நுழைந்து வெளியே வந்தபோது வந்தது.

செயின்ட் அகஸ்டினை லேசாக எண்ண வேண்டாம். 1565இல் ஸ்பானியர்கள் அமைத்த ஊர், பாஸ்டனைவிட 65 வருடம் மூத்தது. காஸ்டிலோ டி சான் மார்கோஸ் கோட்டை 1672இல் கட்டத் தொடங்கியது, கிளிஞ்சல் படிந்து இறுகிய கொக்கீனா என்ற கல்லால் கட்டியிருக்கிறார்கள், பீரங்கிக் குண்டு பட்டால் சுவர் நொறுங்காமல் குண்டு உள்ளே புதைந்து நின்றுவிடுமாம். டிசம்பரில் பழைய ஊர் முழுக்க விளக்கு அலங்காரம் இருக்கும். ஊர் சமதரை, ஸ்வெட்டர் போதும். அப்பா கடற்கரையிலும் நடக்கலாம், கேட்டால் அவரே மெரினா மாதிரி இருக்கிறது என்பார்.

பாஸ்டனை மே மாதம் வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் பிப்ரவரியில் போகிறார்கள் என்று தெரியும், ஆனாலும் அடுத்த முறை வசந்தத்தில் வரச் சொல்லலாமே.

—

மூன்றாம்படி | நவம்பர் 12

கடல்நாரை சொல்வதை ஒதுக்கிவிட முடியாது, ஆனால் ஒன்று. 71 வயதில் அடுத்த முறை என்று தள்ளிப்போடுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. என் மாமனாரை அப்படித்தான் நயாகராவுக்கு அடுத்த முறை என்றோம், அடுத்த முறை அவரால் விமானம் ஏற முடியவில்லை. அதற்கப்புறம் என் மாமியாரையும் அவருடைய அண்ணனையும் இரண்டு வருடத்துக்கு முன் டிசம்பரில் பாஸ்டனுக்குக் கூட்டிப்போனோம். என்ன தவறு செய்தோம் என்று எழுதுகிறேன், நீங்கள் அதைச் செய்யாமல் இருந்தால் போதும்.

முதல் தவறு, காசு மிச்சம் என்று ஊருக்கு வெளியே அரை மணி நேர தூரத்தில் ஹோட்டல் போட்டது. கூகுள் காட்டிய அரை மணி வண்டி ஓட்டும் நேரம், குளிரில் நிறுத்தத்தில் நின்று ரயில் பிடித்து வந்தால் ஒன்றேகால் மணி. பெரியவர் மதியம் கொஞ்சம் படுக்க வேண்டும் என்றபோது திரும்பிப் போக வழியில்லை. நீங்கள் பார்க் ஸ்ட்ரீட், டவுன்டவுன் கிராசிங், கோப்ளி இந்த வட்டத்துக்குள் தங்குங்கள். வாடகை கூடத்தான், ஆனால் ஜனவரி முழுக்கவும் கிறிஸ்துமஸுக்கு அடுத்த சில நாட்களும் அக்டோபர் அளவுக்கு இருக்காது. பன்னிரண்டரைக்கு அறைக்கு வந்து சாப்பிட்டு முக்கால் மணி நேரம் காலை நீட்டிவிட்டு இரண்டு மணிக்கு மறுபடி கிளம்பலாம் என்பது பெரியவர்களுக்குப் பெரிய நிம்மதி. எங்கள் பயணத்தில் கடைசி இரண்டு நாளுக்கு அறையை மாற்றினோம், அந்த இரண்டு நாள்தான் மாமியார் சிரித்த முகத்தோடு இருந்தார்.

இரண்டாம் தவறு பீகன் ஹில். படத்தில் பார்த்த அழகான கல் பதித்த தெருவைப் பார்க்க வேண்டும் என்று நான்தான் கூட்டிப்போனேன். செங்கல் நடைபாதை, சரிவு, முந்தின நாள் உருகின பனி ராத்திரியில் உறைந்து கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. கண்ணுக்கே தெரியாது, ஈரம் போலத்தான் இருக்கும். பெரியவர் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தார். எலும்பு முறியவில்லை, மணிக்கட்டில் சுளுக்கு. ஆனால் அவசர சிகிச்சை நிலையத்தில் மூன்று மணி நேரம் போயிற்று, அவருக்கு எடுத்திருந்த பார்வையாளர் காப்பீட்டில் முதல் 250 டாலரை நாமே கட்ட வேண்டும் என்பதை விற்றவர் தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை, நானும் கேட்டிருக்கவில்லை. உங்கள் பெற்றோரின் பாலிசியை இப்போதே எடுத்து அந்த வரியைப் படித்துவிடுங்கள்.

பூட்ஸுக்கு மேல் மாட்டிக்கொள்ளும் ரப்பர் பட்டை கிடைக்கிறது, அடியில் சின்னச் சின்ன இரும்பு முள் இருக்கும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆளுக்கொரு ஜோடி வாங்குங்கள். கட்டடத்துக்குள் நுழையும்போது கழற்றிவிட வேண்டும், வழவழப்பான தரையில் அதுவே வழுக்கும். காலை ஒன்பதுக்கு முன் வெளியே இறங்காதீர்கள், உப்புத் தூவி அது வேலை செய்ய நேரம் வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். சமையலறை உள்ள அறை எடுத்தோம், சின்ன ரைஸ் குக்கரும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோயிருந்தோம். நான் செய்ததில் உருப்படியான காரியம், தினமும் காலையில் ஒரு ஃபிளாஸ்க் நிறைய மிளகு ரசம். குவின்சி மார்க்கெட்டில் பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கு அரை டம்ளர் குடித்தோம். வெளியே சூப் வாங்கினால் காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் கோழி வேகவைத்த தண்ணீரா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். ரெட் லைன் சுரங்க ரயிலில் சென்ட்ரல் சதுக்கம் போனால் இந்திய உணவகங்கள் உண்டு. ஆஷ்லாண்டில் லட்சுமி கோவில் இருக்கிறது, ஊருக்கு மேற்கே 25 மைல் போல, கார் இல்லாமல் போய்வர ஒரு முழு நாள் எடுக்கும், உங்களுக்கு இருக்கும் நாளில் நான் சேர்க்க மாட்டேன்.

—

வேப்பம்பூ | நவம்பர் 12

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கடல்நாரை, நீங்கள் எழுதியதை அம்மாவிடமே படித்துக் காட்டினேன். மருத்துவரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார், அடுத்த வாரம் நேரம் வாங்கியிருக்கிறேன். அவர் வேண்டாம் என்றால் செயின்ட் அகஸ்டின்தான், அதில் எனக்கு வருத்தம் இல்லை.

போகலாம் என்றால் இரண்டு கேள்வி. கப்பலில் பெரியவர்கள் ஏற முடியுமா? பனிப்புயல் வந்துவிட்டால் என்ன செய்வது?

—

சார்ல்ஸ்நதி | நவம்பர் 13

கப்பல் யு.எஸ்.எஸ். கான்ஸ்டிட்யூஷன். 1797இல் கடலில் இறக்கிய மரக்கப்பல், இன்றைக்கும் கடற்படையின் கணக்கில் இருக்கிறது, காட்டுபவர்கள் எல்லோரும் பணியில் இருக்கும் கடற்படையினர். பிரிட்டனோடு நடந்த 1812ஆம் ஆண்டுப் போரில் எதிரியின் குண்டுகள் அதன் ஓக் மரப் பக்கத்தில் பட்டுத் தெறித்தனவாம், அதனால்தான் இரும்புப் பக்கம் என்று பெயர் வந்தது. கட்டணம் இல்லை. ஆனால் 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் படமுள்ள அரசு அடையாள அட்டை காட்ட வேண்டும், ஆகவே அப்பா அம்மாவின் பாஸ்போர்ட்டை அன்றைக்குக் கையோடு எடுத்துப்போங்கள், பலர் ஹோட்டலில் வைத்துவிட்டு வந்து திரும்பிப் போகிறார்கள். மேல்தளம்வரை அப்பா வரலாம். கீழ்த்தளங்களுக்கு ஏணி போல் நெட்டுக்குத்தான படி, தலை இடிக்கும், அதற்கு நீங்களும் பிள்ளைகளும் மட்டும் போங்கள். பக்கத்திலேயே அருங்காட்சியகம் இருக்கிறது, சூடாக இருக்கும், மாலுமிகள் தூங்கிய தொங்கு படுக்கையில் பிள்ளைகள் ஏறிப் படுக்கலாம். பங்கர் ஹில் தூணில் 294 படி, மின்தூக்கி கிடையாது, மகள் ஏற ஆசைப்பட்டால் உங்களில் ஒருவர் கூடப் போங்கள். கிளம்பும் முன் அன்றைய நேரத்தைப் பார்த்துவிடுங்கள், குளிர்காலத்தில் நாட்களைக் குறைத்திருப்பார்கள்.

பனிப்புயலுக்கு டிசம்பரில் பெரிதாகக் கவலை வேண்டாம், கனத்த பனி பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில்தான். 2014-15 குளிர்காலத்தில் மொத்தம் 110 அங்குலத்துக்கு மேல் கொட்டியது, அதில் முக்கால்வாசிக்கு மேல் ஜனவரி கடைசிக்குப் பிறகு வந்தது. மகனிடம் இப்போதே சொல்லிவையுங்கள், பனியே இல்லாமலும் போகலாம். இல்லாவிட்டால் காமன் பூங்காவில் ஃப்ராக் பாண்டில் ஸ்கேட்டிங் இருக்கிறது. பக்கத்துப் பூங்காவில் வெண்கல வாத்துக்குஞ்சுச் சிலைகளுக்கு யாராவது கம்பளிக் குல்லாவும் ஸ்கார்ஃபும் கட்டிவிட்டிருப்பார்கள், பார்க்கச் சொல்லுங்கள். திரும்பும் விமானத்தை மட்டும் மறுநாள் வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்கிற மாதிரி வைக்காதீர்கள்.

காமனில் நிற்கும் பெரிய கிறிஸ்துமஸ் மரத்தின் கதையை மகளுக்குச் சொல்லுங்கள். 1917 டிசம்பர் 6 அன்று கனடாவில் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து ஊரே தரைமட்டமானது. செய்தி வந்த அன்றிரவே பாஸ்டனிலிருந்து மருத்துவர்களும் மருந்துமாக ரயில் கிளம்பியது, வழியில் பனிப்புயலில் மாட்டி அதையும் தாண்டிப் போய்ச் சேர்ந்தது. அடுத்த வருடம் நன்றிக்கு ஒரு மரம் அனுப்பினார்கள். 1971இலிருந்து ஒவ்வொரு வருடமும் நோவா ஸ்கோஷியாவிலிருந்து மரம் வந்துகொண்டிருக்கிறது. இத்தனைக்கும் இதே ஊரில் 1659இலிருந்து 1681வரை கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம்.

31ஆம் தேதி புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் பனிக்கட்டிச் சிற்பங்கள் வைப்பார்கள், வழக்கமாக மாலை ஏழு மணிக்கே ஒரு வாணவேடிக்கை உண்டு, பிள்ளைகளும் பெரியவர்களும் நள்ளிரவுவரை விழித்திருக்க வேண்டாம்.

—

பழையவரைபடம் | நவம்பர் 13

அப்பா திருவல்லிக்கேணி என்று எழுதியிருக்கிறீர்கள், அதைப் பார்த்ததிலிருந்து எழுதாமல் இருக்க முடியவில்லை. அவர் வாழ்நாள் முழுக்க ஐஸ் ஹவுஸ் நிறுத்தத்தில் பஸ் ஏறியிருப்பார் இல்லையா? அந்த ஐஸ் பாஸ்டனிலிருந்து போனதுதான்.

ஃப்ரெடெரிக் டியூடர் என்று ஒரு பாஸ்டன் வியாபாரி. குளிர்காலத்தில் உறையும் குளங்களிலிருந்து பனிக்கட்டியை வெட்டி வெப்ப நாடுகளுக்குக் கப்பலில் அனுப்பினார். 1806இல் மார்ட்டினிக் தீவுக்கு முதல் சரக்கு போனது. 1833 மே மாதம் டஸ்கனி என்ற கப்பலில் 180 டன் ஐஸ் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார், நாலு மாதம் கடலில் போய்ச் சேர்ந்தபோது பாதிக்கு மேல் உருகாமல் இருந்தது. மரத்தூளைச் சுற்றிலும் அடைத்து வைப்பதுதான் சூட்சுமம். அப்புறம் மதராஸில் அந்த ஐஸை இறக்கிச் சேமித்து வைக்க 1842இல் கடற்கரையோரம் கட்டிய கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் வியாபாரம் படுத்துவிட்டது, கட்டடம் கைமாறியது, 1897இல் விவேகானந்தர் அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது அங்கேதான் தங்கினார், இப்போது விவேகானந்தர் இல்லம். அவர் சிகாகோ மாநாட்டுக்குப் போக அறிமுகக் கடிதம் கொடுத்த ஜான் ஹென்றி ரைட்டும் பாஸ்டனை ஒட்டிய ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர்தான்.

ஐஸ் வெட்டிய குளங்களில் முக்கியமானது கேம்பிரிட்ஜில் இருக்கும் ஃப்ரெஷ் பாண்ட். குதிரை பூட்டி ஐஸ் வெட்டும் கருவியை நத்தானியேல் வையத் செய்து பார்த்ததும் அங்கேதான். இப்போது அது கேம்பிரிட்ஜின் குடிநீர்த் தேக்கம், வேலி போட்டிருக்கும், சுற்றிலும் நடைபாதை உண்டு. ரெட் லைனின் கடைசி நிறுத்தம் ஏல்வைஃப், அங்கிருந்து கொஞ்ச தூரம். பயணப் புத்தகங்கள் யாரையும் அங்கே கூட்டிப்போவதில்லை. பார்க்க ஒன்றும் இல்லை, தண்ணீரும் மரமும்தான். ஆனால் உங்கள் அப்பாவை வேறு எதற்காகவும் இல்லாவிட்டாலும் இதற்காகக் கூட்டிப்போங்கள்.

—

வேப்பம்பூ | ஜனவரி 4

போய்விட்டு வந்துவிட்டோம். மருத்துவர் அம்மாவுக்குத் தினசரி போடும் ஒரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்து, காற்று பலமாக இருக்கும் நாளில் வெளியே நடக்காதீர்கள் என்று சொல்லி அனுமதித்தார். 28ஆம் தேதி அப்படி ஒரு நாள் வந்தது, அன்று முழுக்க நூலகத்திலும் மேப்பேரியத்திலும் இருந்தோம். அம்மா இரண்டே முறைதான் இன்ஹேலர் எடுத்தார், இரண்டு முறையும் கடல்நாரை சொன்னது போலச் சூடான கடையிலிருந்து வெளியே வந்தபோதுதான். அதற்குப் பிறகு வாசலுக்கு உள்ளேயே நின்று ஸ்கார்ஃப் கட்டி, ஐந்து நிமிடம் கழித்து வெளியே வந்தோம், இழுப்பு வரவில்லை.

டவுன்டவுன் கிராசிங் பக்கத்திலேயே அறை எடுத்தோம், மூன்றாம்படி சொன்ன மதிய ஓய்வு இல்லாவிட்டால் அப்பா இரண்டாம் நாளே படுத்திருப்பார். ரசம் ஃபிளாஸ்க் தினமும் போயிற்று. 16 இடங்களில் 11 பார்த்தோம். ஓல்ட் ஸ்டேட் ஹவுஸ் முன்னால், 1770இல் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டு ஐந்து பேர் இறந்த இடத்தில் பதித்த கல் வட்டத்தருகே நின்று மகள் முழு வரலாற்றையும் தாத்தாவுக்குத் தமிழில் சொன்னாள். அந்தச் சிப்பாய்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர் பின்னாளில் புரட்சித் தலைவர்களில் ஒருவரான ஜான் ஆடம்ஸ்தான் என்பதைக் கேட்டு, அதைத்தான் அப்பா திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருந்தார். பனி ஒரு இரவு மட்டும் இரண்டு அங்குலம் போல விழுந்தது, மகனுக்கு அதுவே போதும்.

ஃப்ரெஷ் பாண்டுக்கு 30ஆம் தேதி போனோம், ஏல்வைஃபிலிருந்து டாக்சியில். ஓரத்தில் மட்டும் மெல்லிசாக உறைந்திருந்தது. அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் ஊரில் இருக்கும் சித்தப்பாவுக்குப் போன் போட்டார், அங்கே ராத்திரி பத்தரை. நாளைக்குக் காலையில் நடக்கப் போகும்போது ஐஸ் ஹவுஸை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு என்றார், எதற்கு என்று சித்தப்பா கேட்டதற்கு, எடுத்து அனுப்பு, அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். மறுநாள் போட்டோ வந்தது. பழையவரைபடம், அதை உங்களுக்குக் காட்டச் சொன்னார், தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

முள் பட்டை இரண்டு ஜோடி எங்களிடம் இருக்கிறது, இங்கே எங்களுக்குத் தேவைப்படாது. டல்லாஸ் பக்கமிருந்து யாராவது பெற்றோரைக் குளிருக்குக் கூட்டிப்போவதாக இருந்தால் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்ளலாம்.